110 சி.சி. ஸ்கூட்டரின் உச்ச வேகம்: ரோலரா, பெல்ட்டா, கியரா?

சக்கரவாகம்:

நண்பர்களுக்கு வணக்கம். என்னுடையது காற்றில் குளிரும் 110 சி.சி. ஸ்கூட்டர், 27,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. புதிதில் சமதரையில் ஆக்சிலரேட்டரை முழுவதும் திருகினால் ஜி.பி.எஸ். கணக்கில் 80-ஐத் தொட்டுவிடும். இப்போது 71-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், வால்வு இடைவெளி எல்லாம் பார்த்தாகிவிட்டது. கம்ப்ரஷனும் குறையவில்லை. வேரியேட்டர் (கியருக்குப் பதிலாகப் பெல்ட்டை ஏற்றி இறக்கி விகிதத்தை மாற்றும் பகுதி) பக்கம் மட்டும் இதுவரை யாரும் கை வைத்ததில்லை.

எடை குறைந்த ரோலர் போடு என்கிறார் ஒருவர். எடை கூடியதைப் போட்டால்தான் வேகம் வரும் என்கிறார் இன்னொருவர். பின் கியரையே மாற்றிவிடு என்று மூன்றாவது யோசனையும் வந்திருக்கிறது. பழைய வேகம் திரும்ப வேண்டும், முடிந்தால் அதற்கு மேலும் ஐந்தாறு கிலோமீட்டர் கிடைக்க வேண்டும். எங்கிருந்து தொடங்கலாம்?

நெம்புகோல்:

எதையும் வாங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லுங்கள். 71-ல் நிற்கும்போது என்ஜின் கத்துகிறதா, முக்குகிறதா?

கத்துகிறது என்றால் என்ஜினிடம் திறன் மிச்சம் இருக்கிறது, விகிதம்தான் (என்ஜினின் ஒரு சுற்றுக்குப் பின் சக்கரம் எவ்வளவு சுழலும் என்பது) போதவில்லை. பெல்ட் முன் புல்லியின் (என்ஜினோடு சுழலும் பெல்ட் சக்கரத்தின்) விளிம்புவரை ஏறாமல் நடுவழியில் நிற்கிறது என்று பொருள். முக்குகிறது என்றால் விகிதம் உயர்ந்துவிட்டது, அதை இழுக்கத் திறன் போதவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிரானது. உங்களுக்கு ஆலோசனை சொன்ன இருவரும் அவரவர் வண்டியை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார்கள்.

ரோலர் என்ன செய்கிறது என்பதில்தான் பெரும்பாலான குழப்பம். என்ஜின் சுழலச் சுழல, வேரியேட்டருக்குள் இருக்கும் ஆறு ரோலர்களும் சரிவுப் பாதையில் வெளிப்பக்கம் ஓடி, முன் புல்லியின் நகரும் முகத்தைத் தள்ளுகின்றன. இரு முகங்களும் நெருங்கினால் நடுவில் இருக்கும் பெல்ட் மேலே ஏறும். பெல்ட்டின் நீளம் மாறாது என்பதால் பின்னால் அது உள்ளே இறங்கும். இந்த ஏற்றம் எந்த ஆர்.பி.எம்.மில் (நிமிடச் சுற்றில்) நடக்க வேண்டும் என்பதை மட்டுமே ரோலர் எடை முடிவு செய்கிறது. எடை குறைந்தால் என்ஜின் அதிகம் சுழன்ற பிறகு ஏறும், கூடினால் சீக்கிரமே ஏறிவிடும். முகங்கள் முழுவதும் மூடிக்கொண்ட பிறகு ரோலர் 9 கிராமோ 13 கிராமோ, விகிதம் ஒன்றேதான். ஆகவே ரோலர் எடை பிக்கப்புக்கான கருவி. உச்ச வேகத்துக்கு அது வழிவிடும் அல்லது குறுக்கே நிற்கும், அவ்வளவுதான்.

பெல்ட் எதுவரை ஏறுகிறது என்று பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. கவரைத் திறந்து, முன் புல்லியின் இரு முகங்களிலும் மையத்திலிருந்து விளிம்புவரை மார்க்கரால் நேர்கோடு போடுங்கள். மூடிவிட்டு, காலியான நேரான சாலையில் முழு வேகத்தில் சிறிது தூரம் ஓட்டிவிட்டு வந்து திறந்து பாருங்கள். பெல்ட் உரசிய இடமெல்லாம் கோடு அழிந்திருக்கும். விளிம்புக்கு எவ்வளவு கீழே கோடு மிஞ்சியிருக்கிறதோ, அவ்வளவு விகிதம் உங்களுக்குக் கிடைக்காமல் கிடக்கிறது.

கருவண்டு:

நெம்புகோல் அண்ணா, ஒரு சந்தேகம். என் 125-ல் எடை குறைந்த ரோலர் போட்ட பிறகு உச்ச வேகமே 3 கிலோமீட்டர் கூடியது. ஜி.பி.எஸ்.ஸில் பார்த்துத்தான் சொல்கிறேன். ரோலருக்கும் உச்ச வேகத்துக்கும் தொடர்பில்லை என்றால் இது எப்படி?

நெம்புகோல்:

நல்ல கேள்வி, தம்பி. உங்கள் வண்டி முக்குகிற வகை. பழைய ரோலர் கனமாக இருந்ததால் பெல்ட் சீக்கிரமே உச்சிக்குப் போய், என்ஜினை அதன் உச்சத் திறனுக்குக் கீழே இழுத்து வைத்திருந்தது. உதாரணமாக 7500 ஆர்.பி.எம்.மில் முழுத் திறன் தரும் என்ஜினை 6500-ல் பிடித்து வைத்தால் அது எப்படி இழுக்கும்? ரோலர் எடை குறைந்ததும் பெல்ட் ஒரு சிறு அளவு கீழேயே நின்று, என்ஜின் தன் 7500-க்கு வந்துவிட்டது. விகிதம் சற்றுக் குறைந்தது, கிடைக்கும் திறன் அதைவிட அதிகமாகக் கூடியது. அந்த 3 கிலோமீட்டர் அப்படி வந்ததுதான்.

இதே ரோலரைச் சக்கரவாகம் போட்டால், அவர் வண்டி கத்துகிற வகையாக இருக்கும் பட்சத்தில், இன்னும் கத்தும். வேகம் கூடாது.

காதை நம்ப முடியாவிட்டால் ஸ்பார்க் பிளக் வயரில் கம்பியைச் சுற்றி மாட்டும் சிறிய டேக்கோமீட்டர் (என்ஜின் சுற்றை அளக்கும் மீட்டர்) இருக்கிறதே, அதை மாட்டுங்கள். பல சிறு ஸ்கூட்டர்களில் நான்கு ஸ்ட்ரோக் என்ஜினாக இருந்தாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தீப்பொறி விழும். மீட்டரில் அந்தத் தேர்வைச் சரியாக வைக்காவிட்டால் பாதி அல்லது இரட்டிப்புக் கணக்குக் காட்டும்.

பட்டறைப்பாடம்:

சக்கரவாகம் தம்பி, கோடு போடுவதற்காகக் கவரைத் திறக்கும்போதே பெல்ட்டையும் வெளியே எடுத்து வெர்னியரால் அகலத்தை அளந்துவிடுங்கள். 27,000 கிலோமீட்டர் ஓடிய பெல்ட் என்றால் என் முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

அகலம் குறைவது வேகத்தை எப்படித் தின்கிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. புல்லியின் ஒவ்வொரு முகமும் ஏறக்குறைய 14 டிகிரி சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் 1 மில்லிமீட்டர் ஒல்லியானால், முகங்கள் முழுவதும் மூடிய நிலையிலும் அது 2 மில்லிமீட்டர் கீழே உட்காரும். பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர், அதை 14 டிகிரியின் டேஞ்சன்ட்டான 0.25-ஆல் வகுத்துப் பாருங்கள். முன்னால் 2 மில்லிமீட்டர் இறங்கினால் பின்னால் கிட்டத்தட்ட அதே அளவு ஏறும். இரு பக்கமும் நஷ்டம். எத்தனை நல்ல ரோலர் போட்டாலும் இந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது.

ரோலர்களையும் விரலில் உருட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் தெரிந்துவிடும். தட்டையான ரோலர் சரிவில் உருளாமல் சிக்கி நிற்கும். ராம்ப் பிளேட்டின் (ரோலர்களை அடைத்து வைக்கும் தகட்டின்) மூன்று மூலைகளில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டுகளும் ஆடக்கூடாது.

இன்னொன்று, இது உயிர்நாடியான விஷயம். முன் நட்டைக் கழற்ற ஃபேன் இறக்கைகளுக்கு நடுவே ஸ்க்ரூடிரைவரைச் செருகி நிறுத்தாதீர்கள். இறக்கை உடைந்தால் புல்லியின் சமநிலை போய்விடும். புல்லியைப் பிடிக்க அதற்கென்று இருக்கும் கருவியை வாங்கிவிடுங்கள். திரும்பப் பூட்டும்போது பின் புல்லியின் முகங்களைக் கையால் விரித்து, பெல்ட்டை அதன் அடிவரை அழுத்தி இறக்குங்கள். அப்போதுதான் முன்னால் பெல்ட் தளர்ந்து, நடுப் புஷ்ஷின் (முன் புல்லியின் நடுவில் இருக்கும் உருளைக் குழாயின்) மேல் கிடக்கும். அப்படிச் செய்யாமல் நட்டை முறுக்கினால் பெல்ட் வெளி முகத்துக்கும் புஷ்ஷுக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். நட்டு இறுகிவிட்டது என்று கைக்குத் தோன்றும். உண்மையில் அது பெல்ட்டின் ரப்பரைத்தான் இறுக்கியிருக்கும். வண்டி நகர்ந்ததும் பெல்ட் விடுபடும், நட்டு தளரும், வெளி முகம் கிராங்க்கின் பற்களை அறுத்துவிடும். கிராங்க்கையே மாற்ற வேண்டிய நிலையில் இப்படி வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். இறுக்கும்போது வெளி முகத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள், பெல்ட் தொளதொளவென்று இருக்க வேண்டும். அதன் பிறகு டார்க் ரெஞ்ச், சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவு.

சக்கரவாகம்:

இருவருக்கும் மிக்க நன்றி. சந்தேகமே இல்லாமல் கத்துகிறது. 65-லிருந்தே சத்தம் மட்டும் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை.

திறந்து பார்த்தேன். மார்க்கர் கோடு விளிம்புக்குக் கீழே ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் அழியாமல் அப்படியே இருக்கிறது. பெல்ட்டின் அகலம் 17.3. புதிதில் 18.5 என்று சர்வீஸ் புத்தகம் சொல்கிறது. பல்லின் அடியில் விரல் வைத்து வளைத்தால் மெல்லிய வெடிப்புகளும் தெரிகின்றன. ஆறு ரோலர்களில் நான்கு தட்டையாகிவிட்டன. கவருக்குள் கறுப்புப் பொடி அப்பிக் கிடந்தது.

நெம்புகோல்:

பிடித்துவிட்டீர்கள். 1.2 மில்லிமீட்டர் குறைவு என்றால் பெல்ட் 2.4 மில்லிமீட்டர் கீழே உட்காருகிறது. உதாரணத்துக்கு உச்ச நிலையில் முன் ஆரம் 48, பின் ஆரம் 39 என்று எடுத்துக்கொண்டால், பின்னதை முன்னதால் வகுத்து வரும் விகிதம் 0.81. இந்த எண் சிறிதானால்தான் பின் சக்கரம் அதிகம் சுழலும். தேய்ந்த பெல்ட்டில் அது 45.6-க்கு 41.4 ஆகி 0.91 ஆகிவிடும். என்ஜின் அதே ஆர்.பி.எம்.மில் சுழன்றாலும் பின் சக்கரத்துக்குப் போகும் சுற்று பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. உங்கள் 80 ஏன் 71 ஆனது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. தட்டையான ரோலர்கள் மீதியைப் பார்த்துக்கொண்டன.

பெல்ட், ரோலர், பிளாஸ்டிக் துண்டுகள் மூன்றையும் புத்தகத்தில் உள்ள அளவிலேயே போடுங்கள். எடையில் விளையாட்டு அப்புறம்.

கருவண்டு:

பின்னால் இருக்கும் பெரிய ஸ்பிரிங்கையும் அதே கையோடு கடினமானதாக மாற்றிவிடலாம் அல்லவா? கவர் திறந்துதானே இருக்கிறது.

பட்டறைப்பாடம்:

வேண்டாம். அந்த ஸ்பிரிங் பின் முகங்களை மூடி வைக்கப் பார்க்கிறது, ரோலர்கள் அதை எதிர்த்துத்தான் பெல்ட்டை ஏற்றுகின்றன. கடினமாக்கினால் மேட்டில் விகிதம் சட்டென்று இறங்கும், பெல்ட் நழுவாது. திறன் கூட்டிய என்ஜினுக்கு அது தேவை. சாதாரண என்ஜினில் அதைப் போட்டால் ரோலர்களால் முழுவதும் தள்ள முடியாமல் பெல்ட் மறுபடியும் விளிம்புக்குக் கீழேயே நின்றுவிடும். பெல்ட் சூடேறும், சீக்கிரம் தேயும். உச்ச வேகம் தேடுகிறவர் அந்தப் பக்கமே போகக்கூடாது. மென்மையான ஸ்பிரிங்கும் கூடாது, பெல்ட் நழுவும்.

பின் புல்லியில் கவனிக்க வேண்டியது டார்க் கேம். சாய்ந்த பள்ளங்களில் ஊசிகள் ஓடும் இடம். சுமை கூடும்போது பெல்ட்டை இறுகப் பிடிப்பது அதுதான். அங்கே கிரீஸ் காய்ந்து, பள்ளத்தில் படி விழுந்திருந்தால் முகங்கள் தடையின்றி விரியாது. புதிய கிரீஸ் அளவோடு வையுங்கள், ஓ-ரிங்குகளை மாற்றுங்கள். அதிகம் அப்பினால் வெளியே வந்து பெல்ட்டில் படும், அப்புறம் நழுவலைக் கேட்கவே வேண்டாம். அந்தப் பகுதியைப் பிரிக்கும்போது ஸ்பிரிங் முழு அழுத்தத்தில் இருக்கும். நட்டைக் கழற்றும் முன் அழுத்திப் பிடிக்கும் கருவி கட்டாயம். முகத்தில் பாய்ந்தால் பல் போகும்.

கிளட்ச்சில் இருக்கும் சின்ன ஸ்பிரிங்குகளுக்கும் உச்ச வேகத்துக்கும் சம்பந்தம் கிடையாது. வண்டி எந்த ஆர்.பி.எம்.மில் நகரத் தொடங்கும் என்பது மட்டுமே அவற்றின் வேலை.

தும்பி:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது 50 சி.சி. இரண்டு ஸ்ட்ரோக். வேரியேட்டர் புஷ்ஷின் மேல் தடிமனான உலோக வளையம் ஒன்று இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் வேகம் கூடும் என்கிறார்களே?

நெம்புகோல்:

கூடும். முகங்கள் முழுவதும் மூடாமல் தடுப்பதற்கே அந்த வளையத்தை வைக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 50 சி.சி. மொபெட் வகைக்கு 45 கிலோமீட்டர்தான் சட்டப்படியான உச்சம். அந்த வரம்புக்குள் நிறுத்தப் பல தயாரிப்பாளர்கள் கையாளும் எளிய வழி இது. வளையத்தை எடுத்த நிமிடமே வண்டி அந்த வகைக்கு வெளியே போய்விடும். உரிமம், பதிவு, காப்பீடு மூன்றும் அந்த வகையை நம்பித்தான் இருக்கின்றன. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பது இதைத்தான். பொதுச் சாலையில் ஓட்டுகிறவராக இருந்தால் தொடாதீர்கள். சக்கரவாகத்தின் வண்டியில் அப்படி வளையம் எதுவும் இல்லை, அவருடையது தேய்மானம். இரண்டும் வேறு வேறு விஷயங்கள்.

சக்கரவாகம்:

பாகங்கள் வரும்வரை இன்னொரு கேள்வி. 80 திரும்பிய பிறகு, அதற்கு மேல் போக கியர் மாற்றம் உதவுமா? உயரமான டயர்?

நெம்புகோல்:

கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம். 90/100-10 டயரின் (அகலம் 90 மில்லிமீட்டர், பக்க உயரம் அதில் 100 சதவீதம், ரிம் 10 அங்குலம்) விட்டம் 434 மில்லிமீட்டர், சுற்றளவு ஏறக்குறைய 1.36 மீட்டர். பின் கியர் (பின் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் நிலையான கியர்) விகிதம் 9, வேரியேட்டரின் உச்ச விகிதம் 0.8, என்ஜின் 7500 என்று வைத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 1042 சுற்று. அதாவது 85 கிலோமீட்டர். கியர் விகிதத்தை 8.5 ஆக்கினால் காகிதத்தில் 90.

காகிதத்தில் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் காற்று. காற்றைக் கிழிக்கத் தேவையான திறன் வேகத்தின் கனத்தில் (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். 85-லிருந்து 90-க்குப் போக அந்தப் பங்கில் மட்டும் 19 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். 8 குதிரைத்திறன் சொச்சம் உள்ள என்ஜின் அதை எங்கிருந்து கொண்டுவரும்? கியரை இப்படி மாற்றினால் வண்டி கத்துகிற வகையிலிருந்து முக்குகிற வகைக்கு மாறும். புறப்பாடும் மந்தமாகும், மேட்டில் இழுவை போகும். என்ஜினின் திறனைக் கூட்டாமல் கியரை மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டயரும் அதே கதைதான். 90/90-10-லிருந்து 90/100-10-க்குப் போனால் சுற்றளவு 4 சதவீதம் கூடுகிறது. ஆனால் மட்கார்டில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். முன் சக்கரத்திலிருந்து வேகமானி ஓடும் வண்டிகளில் முன் டயரை உயர்த்தினால் மீட்டர் குறைத்துக் காட்டத் தொடங்கும்.

நிமிர்ந்து உட்காருவதற்கும் முழங்கையை உள்ளே ஒடுக்கிக் குனிவதற்கும் இடையே கிடைக்கும் வேகம் பல நேரம் கியரில் கிடைப்பதைவிட அதிகம். காற்றழுத்தத்தையும் புத்தகத்தில் உள்ளபடி வைத்துக்கொள்ளுங்கள்.

மலைச்சாலை:

ஒரு விஷயத்தை யாரும் பேசவில்லையே. 130 மில்லிமீட்டர் டிரம் பிரேக்கும் 10 அங்குலச் சக்கரமும் உள்ள வண்டிக்கு 90 எதற்கு? 80-ல் இருக்கும் இயக்க ஆற்றலைவிட 95-ல் 40 சதவீதம் அதிகம், அத்தனையையும் அந்தச் சின்ன டிரம்தான் வெப்பமாக வாங்கிக்கொள்ள வேண்டும். சிறிய சக்கரம் குழியில் இறங்கும் ஆழமும் அதிகம். வேகத்தைத் தொடுவதற்கு முன் பிரேக் ஷூ, கேபிள், டயர் மூன்றையும் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பட்டறைப்பாடம்:

மலைச்சாலை ஐயா சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன்.

சக்கரவாகம்:

வேலை முடிந்தது. பெல்ட், ரோலர், பிளாஸ்டிக் துண்டுகள் எல்லாம் அசல் அளவு. புல்லி முகங்களைத் துடைத்து, டார்க் கேமுக்குப் புதிய கிரீஸ், ஓ-ரிங். காற்று உள்ளே வரும் வழியில் இருந்த ஸ்பாஞ்ச் தூசியால் அடைத்திருந்தது, கழுவி மாட்டினேன். பெல்ட்டை அடிவரை அழுத்தி இறக்கும் விஷயத்தை மட்டும் ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்தேன்.

இப்போது அதே சாலையில், போக்கிலும் வரவிலும் சராசரியாக, ஜி.பி.எஸ்.ஸில் 79. வேகமானி 85 காட்டுகிறது. சத்தம் குறைந்து நிதானமாக ஓடுகிறது. மார்க்கர் கோடு விளிம்புக்கு ஒரு மில்லிமீட்டர் வரை அழிந்திருக்கிறது.

ஆர்வத்தில் ஒரு கிராம் கனமான ரோலர்களையும் போட்டுப் பார்த்தேன். நெம்புகோல் சொன்ன அதே முக்கல். எதிர்காற்றில் 75-ஐத் தாண்டவில்லை. அசலுக்கே திரும்பிவிட்டேன். பிரேக் ஷூவும் மாற்றியாகிவிட்டது, ஐயா.

முதல் நாள் லேசாக ரப்பர் வாடை வந்தது. கவலைப்பட வேண்டுமா?

பட்டறைப்பாடம்:

புதிய பெல்ட் புல்லியில் படிந்து உட்காரும்வரை லேசான வாடை இருக்கும். முதல் இருநூறு கிலோமீட்டர் முழுத் திருகல் வேண்டாம், ஒரே சீராகவும் ஓட்டாமல் வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் வாடை போகவில்லை என்றால் கவரைத் திறந்து பெல்ட்டின் பக்கவாட்டைப் பாருங்கள். கண்ணாடிபோல் பளபளத்தால் எங்கேயோ கிரீஸ் பட்டு நழுவுகிறது. புல்லி முகங்களைப் பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு, பின் புல்லியின் சீலைச் சோதியுங்கள்.

கருவண்டு:

நானும் என் பெல்ட்டை அளந்து பார்த்தேன். 125 என்றாலும் அகலம் புத்தகத்தில் உள்ள கடைசி வரம்பில் நிற்கிறது. அண்ணா, முதலில் பெல்ட்டை மாற்றிவிட்டு அதே எடை குறைந்த ரோலரோடு ஓட்டிப் பார்க்கவா, இல்லை ரோலரையும் அசலுக்குக் கொண்டுபோகவா?

நெம்புகோல்:

பெல்ட்டை மட்டும் மாற்றுங்கள், ரோலர் அப்படியே இருக்கட்டும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. மார்க்கர் கோடு போட மறக்காதீர்கள், டேக்கோமீட்டர் அளவையும் சேர்த்து இங்கே எழுதுங்கள்.